குட்டை முடி

"குட்டை முடிதானே அக்கா,
ஒரு வேலையும் இருக்காது" என்றாள்
காப்பகத்துப் பெண், கையெழுத்து வாங்கும்போது.
அவளிடம் கறுப்புச் சட்டையே கிடையாது போலும்.

நீண்ட முடி உதிர்ந்தால்
உருண்டு மூலைக்குப் போய்விடும்,
பெருக்கினால் வரும்.
இது தைக்கும்.
சோபாவில், காலுறையில்,
வேலை அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்று.
எப்படி நுழைந்தது என்று கேட்காதீர்கள்.

சனிக்கிழமை, மூன்றரை மணி.
சுவா சூ காங் வானம்
பெய்யவா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருக்கிறது.
குளியலறையில் நீல வாளியைக் கவிழ்த்து உட்காருகிறேன்.
கச்சாங்குக்குத் தெரிந்துவிட்டது.
காதுகள் பின்னால் போகின்றன,
வால் வயிற்றுக்கடியில் ஒளிகிறது.

நனைக்குமுன் தேய்க்க வேண்டும்.
இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கிய
ரப்பர் முள் கையுறை.
கழுத்திலிருந்து வாலுக்கு, முடியின் போக்கில்,
சப்பாத்தி மாவைத் தட்டிப் பார்க்கிற அழுத்தம் போதும்.
அவசரப்பட்டால் தோல் சிவக்கும்.

குட்டை முடி எதையும் மறைக்காது.
இடது தொடையில் வழுக்கையாய் ஒரு கோடு.
துவாஸ் பக்கம் கட்டுமானத் தளத்தில் பிறந்தவளாம்.
கம்பி கிழித்ததா, வேறு நாயா,
காகிதத்தில் எழுதவில்லை.
விலாவில் பட்டாணி அளவு ஒரு முண்டு.
வாராவாரம் பெருவிரலால் அளக்கிறேன்.
வளரவில்லை.
வளரவில்லை என்பதுதான் என் சனிக்கிழமை.

தண்ணீர் பட்டதும் பாதி நாய்தான் மிச்சம்.
மற்றதெல்லாம் கண்ணும் குற்றச்சாட்டும்.

நகம்தான் எனக்குப் பயம்.
கறுப்பு நகம்; உள்ளே ரத்தம் எதுவரை ஓடுகிறதென்று
வெளியே தெரியாது.
ஒருமுறை தவறி வெட்டிவிட்டு
சோளமாவில் அந்த விரலை அழுத்திப் பிடித்தபடி
நானும் அவளும் கால்மணி நேரம்
ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம்.
அன்றிலிருந்து நகத்துக்கு இரண்டு பேர்.
வெட்ட நான்.
வேர்க்கடலை வெண்ணெய் தடவிய கரண்டியோடு
பிடித்துக்கொள்ள யுகேஷ்.

யுகேஷ் இரண்டு வாரமாய்த் தெக்கோங்கில்.

இரும்புக் கதவு சத்தம்.
பச்சைப் பை, சேற்றுக் காலணி,
மேலே ஒரு மொட்டைத் தலை.
கச்சாங் குரைத்தாள்.
மூன்று வருடம் அவன் கட்டிலில்
குறுக்கே படுத்துத் தூங்கியவள்,
சோப்பு நுரையோடு, ஈரத்தோடு,
அந்நியனைப் பார்த்துக் குரைத்தாள்.
"டேய், நான்தான்" என்று மண்டியிட்டான்.
அவளை எப்போதும் டேய் என்பான்.
உருமறைப்புச் சாயம், படகு டீசல், யாரோ கடன்கொடுத்த பவுடர்
எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய் விலக்கி
மணிக்கட்டில் அவனைக் கண்டுபிடித்தாள்.
பிறகு குளியலறை முழுக்க வால்.

பதினெட்டு நகம். அரிசி அரிசியாய்.
அவன் கரண்டியைப் பிடித்திருந்தான்.
குனிந்த தலை என் முகத்துக்கு நேரே.
காதுக்கு மேலே ஒரு வெள்ளைப் பிறை.
நாலு வயதில், கீழ்த்தளத்துக் கல்மேசை விளிம்பு,
மூன்று தையல்.
பதினைந்து வருடமாய் முடிக்குள் இருந்ததை
நான் மறந்தே போயிருந்தேன்.
கை தானாகப் போய்த் தடவியது,
முடியின் போக்குக்கு எதிராக.

"அம்மா! அந்தக் கையுறையோடவா?"

"அழுக்குதான். நீ மட்டும் என்ன?"

"நாளைக்கு ராத்திரி திரும்பணும்" என்றான்
கரண்டியிடம்.

துடைத்தாயிற்று. காது மடலில் பஞ்சு ஒத்தியாயிற்று.
அவர்கள் இருவரும் மின்விசிறிக்குக் கீழே
வெறும் தரையில்.
நான் வடிகால் மூடியைத் தூக்கி
பழுப்பு முடியை வழித்தெடுக்கிறேன்.
எல்லாம் அவளுடையது.

அவனுடையதை
அந்தத் தீவில் யாரோ கூட்டித் தள்ளியிருப்பார்கள்.
சிரமம் இருந்திருக்காது.
அது நீண்ட முடி.
உருண்டு மூலைக்குப் போயிருக்கும்,
பெருக்கியதும் வந்திருக்கும்.