புறப்பட்ட துறைக்கே

கால்வெஸ்டன் துறைமுகம், பதினான்காம் கவுண்டர்.
திங்கட்கிழமை, காலை பதினொன்றரை.
பாஸ்போர்ட் இல்லாதவர்கள்
என் வரிசைக்கு வருவார்கள்.

சட்டம் சின்னது.
கிளம்பிய துறைக்கே கப்பல் திரும்பும் என்றால்
பிறப்புச் சான்றிதழும் படம் போட்ட அட்டையும் போதும்.
முத்திரை மட்டும் மேடாக இருக்க வேண்டும்.
கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன்.
ஒரு நாளைக்கு முந்நூறு பேர்
பிறந்தார்கள் என்பதை
இப்படித்தான் நம்புகிறேன்.

செல்போனில் படமெடுத்து வந்தவனைத் திருப்பி அனுப்பியாயிற்று.
கைக்குழந்தையின் சான்றிதழை
அந்தக் குழந்தையே சப்பிக்கொண்டிருந்தது;
நனையாத ஓரத்தில் முத்திரை தப்பியது.

பிறகு வெர்லீன் ஸ்டோவல், ஒரு தடித்த கோப்போடு.
அட்டையில் ஸ்டோவல். பிறந்தபோது கிட்ரி.
"பெயர் மாறியதற்குக் காகிதம்?"
கடை பரப்பினார்:
பூட்ரோவை மணந்த தாள்,
பூட்ரோவை விட்ட தாள், ஓரத்தில் காபிக் கறை,
ஸ்டோவலை மணந்த தாள்.
"அஞ்சு நாள் கடலுக்குப் போக
ரெண்டு ஆம்பளையையும் சுமக்க வேண்டியிருக்கு,
செத்தவனையும் சேர்த்து."
வரிசை சிரித்தது.
நான் தடவினேன். மூன்றும் மேடு.

அடுத்து அவர் தோழி, ஓடீல் ப்ரூசார்ட்.
இறால் உரிக்கும் ஆலையில்
பத்தொன்பது வருஷம் அடுத்தடுத்த மேசை.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு தாள்:
லூசியானா, லேக் சார்ல்ஸ், ஏதோ ஒரு மருத்துவமனை,
தங்க விளிம்பு, நாரைப் படம்,
கீழே மை அப்பிய இரண்டு பாதங்கள்,
ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நீளம்.

அழகான தாள்.
அரசாங்கத்தின் தாள் இல்லை.
இதைச் சொல்ல
வருஷத்துக்கு நாற்பது தடவை பழகியும்
எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.
"டெக்சாஸில் பிறந்திருந்தால்
இங்கேயே நகராட்சியில் இன்றைக்கே வாங்கலாம்.
லூசியானா என்பதால்…"

ஓடீல் குனிந்தார்.
தாளைத் தரையில் வைத்தார்.
செருப்பைக் கழற்றி
அதன் பக்கத்தில் வலது பாதத்தை ஊன்றினார்.
பெருவிரல் அடுத்த விரல்மேல் சாய்ந்திருந்தது.
ரப்பர் பூட்ஸுக்குள் ஊறி ஊறி வெளுத்த குதிகால்.
"அப்போ இது யாருடைய கால்?"

சுவடு இருந்தது.
சுவடி இல்லை.
கண்ணாடி அறையிலிருந்து என் மேலதிகாரி
முடியாதென்று தலையாட்டினார்.

வெர்லீனும் நின்றுவிடுவார் என்று நினைத்தேன்.
"பணம் திரும்பி வராதாம், ஓடீல்."
"போய்த் தொலை" என்றார் ஓடீல்,
தன் வைக்கோல் தொப்பியை அவர் தலையில் அழுத்தி.
"கொசுமெல்லில் கப்பலைத் தவறவிடாதே.
பாஸ்போர்ட் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டான்.
அங்கேயே மூணாவது புருஷனைத் தேடவேண்டியதுதான்."

நாலு மணிக்குக் கப்பல் ஊதியது.
பெலிகன்கள் எழுந்து, மறுபடி அமர்ந்தன.
வாகன நிறுத்தத்தின் சூடான தாரில்
ஒற்றைச் செருப்போடு ஒருத்தி
இடுப்பில் கை வைத்து நின்றாள்.
கையசைக்கவில்லை.
மற்றச் செருப்பு என் கவுண்டருக்கு அடியில் கிடந்தது.
ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாம்.
வரிசை இருந்தது. கொடுக்கவில்லை.

சனிக்கிழமை விடியலில் கப்பல் வந்தது.
வந்தே ஆகவேண்டும்; சட்டம் அதுதானே.
ஓடீல் எனக்கு முன்னே வந்து காத்திருந்தார்.
செருப்பை நீட்டினேன்.
வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார்,
விரைவு அஞ்சல், லூசியானா.
"தடவிப் பார்."

தடவினேன். மேடு.
பெயர், தேதி, தாய், தந்தை, கோப்பு எண்.
பாதம் எங்கும் இல்லை.

"அக்டோபரில் டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டவர்
பதிலுக்கு நிற்காமல்
இறங்கி வரும் கூட்டத்தில்
தன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.