தறி நின்ற புதன்கிழமை

செல்லூரில் நான் டியூசன் எடுக்கும் அறைக்குக் கீழே
எட்டு விசைத்தறி.
நான் சொல்லும் 'அ'
முதல் வரிசைக்குப் போய்ச் சேருமுன்
நாடா அதை நாலாய் அடித்துவிடும்.
அதனால் கத்துவோம்,
பதினோரு பிள்ளைகளும் நானும்,
க கா கி கீ
கழுத்து நரம்பு புடைக்க.

பகலில் கோரிப்பாளையத்து ஜெராக்ஸ் கடையில்
யாரோ எழுதியதை நகலெடுக்கிறேன்.
சாயங்காலம் இது. தலைக்கு நூற்றைம்பது.
மூன்று பேர் தந்து இரண்டு மாதமாகிறது.
ஒரு வீட்டில் பாதி பணம்,
மீதிக்கு முருங்கைக்காய்.

சோலைராஜாதான் இருப்பதிலேயே சத்தம்.
மூன்றாம் வகுப்பு.
அவன் ஏழாம் வாய்ப்பாடு சொன்னால்
கீழே தறிக்காரர் அண்ணாந்து பார்ப்பார்.
தார் சுற்றிக்கொண்டிருந்த அவன் அம்மாவிடம்
"கணீர்னு படிக்கிறான்க்கா" என்று
நானே போய்ச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை
டிரான்ஸ்பார்மர் டப்பென்றது.
எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நின்றன.
பழக்கத்தில் இன்னும் ஒரு வரி கத்திவிட்டு
பிள்ளைகளுக்கே வெட்கமாகிவிட்டது.
எதிர்வீட்டில் யாரோ தோசை திருப்பினார்கள்,
அது கேட்டது.

"ஒவ்வொருத்தரா, மெதுவா வாசிங்க."
ஜெயஹரிணி வாசித்தாள்.
பக்கத்தைத் திருப்பி சோலைராஜாவிடம் நீட்டினேன்.
"ஆட்டுக்குட்டி வேலியைத் தாண்டியது."
நிறுத்தி, இழுத்து, பிழையில்லாமல்.
அது ஜெயஹரிணியின் பக்கம்.
இந்தப் பக்கத்தில் ஆடே இல்லை,
ஒரு பம்புசெட், இரண்டு வாத்து.

'ப'வின் மேல் விரல் வைத்தேன். "இது?"
அவன் எழுத்தைப் பார்க்கவில்லை.
ஜெயஹரிணியின் உதட்டைப் பார்த்தான்.

தறி வீட்டில் பிறந்தவன்.
அரிசி தீர்ந்ததை, வட்டிக்காரர் வந்துபோனதை
அவன் அப்பாவும் அம்மாவும்
அந்த இரைச்சலில் உதட்டால்தான் பேசிக்கொள்வார்கள்.
என்னைவிட நன்றாக வாசிக்கத் தெரியும் அவனுக்கு,
புத்தகம் தவிர.

"தெரியலன்னு ஏன்டா சொல்லல?"
"நீங்க கேக்கலயே மிஸ்."

ஒன்றரை வருசம்.
ஒன்றரை வருசமாய் ஒரு நகலைப் பார்த்துக்கொண்டு
மூலம் எங்கோ பத்திரமாய் இருக்கிறதென்று
நம்பியிருக்கிறேன்.

பதினேழு எழுதச் சொன்னேன்.
107.
தப்பென்று சொல்ல வாய் வரவில்லை.
பத்தும் இருந்தது, ஏழும் இருந்தது,
நான் சொன்ன வரிசையில்.
கீழே போய்ப் பதினேழு தார்க்குச்சி வாங்கிவந்து
பத்தை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன்.
பார்த்துக்கொண்டே இருந்தவன்,
"நூல் சிட்டம் மாதிரியா?
உள்ள எத்தன இழ இருந்தாலும்
ஒரு சிட்டம்னுதான எழுதுவாக?"
ஆமாம்டா.
எச்சில் தொட்டுப் பூஜ்யத்தை அழித்தான்.
சிலேட்டில் ஒரு கட்டு, ஏழு உதிரி.

பிறகு 'ப'.
"என் வாயப் பாரு. ஒட்டித் தொறக்குதா?
எழுத்தும் மேல தொறந்து கெடக்கு."
தன் உதட்டைக் கொஞ்ச நேரம்
ஒட்டி ஒட்டிப் பிரித்துப் பார்த்தான்.
"'ம'வுக்கும் இதே வாய்தான மிஸ்?"

இருபத்திரண்டு வருசமாய் இந்த வாயை வைத்திருக்கிறேன்,
எனக்குத் தெரியாது.
யோசித்து, மூக்கில் விரல் வைக்கச் சொன்னேன்.
ம்ம்ம். அதிர்ந்தது. சிரித்தான்.
ப. அதிரவில்லை.
பதினோரு பேரும் மூக்கைத் தொட்டுக்கொண்டு
ம்ம்ம், ப, ம்ம்ம், ப,
ஃபாரிஸுக்கு ஜலதோஷம், அவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்போது பார்த்துக் கரண்ட் வந்தது.
தரை நடுங்கிற்று.
எல்லா எழுத்துக்கும் எல்லா மூக்கும் அதிர்ந்தது.

"சோலை, இது என்ன?"
ஒரு சொல் சொன்னேன்.
மாலையா பாலையா, எனக்கே எட்டவில்லை.
மற்ற பத்துப் பேரும் எதையோ கத்தினார்கள்.
அவன் கத்தவில்லை.
எழுந்து வந்தான். பக்கத்தில் நின்று
காதை என் வாயருகே கொடுத்து,
"இன்னொருக்க சொல்லுங்க மிஸ்" என்றான்.
"கேக்கல."