லேடி ஓட்டின வண்டி

சிங்கிள் ஓனர்.
பதினெட்டாயிரம் கிலோமீட்டர்.
மழைத் தண்ணி பட்டதே இல்ல சார்,
லேடி ஓட்டின வண்டி.

முடிச்சூரில் மாடிப்படிக்குக் கீழே
டில்லிபாபு இதைச் சொன்னபோது
மஞ்சள் துணியால் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
சொல்லையும் அதே துணியால் துடைத்திருக்க வேண்டும்,
அப்படி ஒரு பளபளப்பு.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் நான்.
கயிறு முனகுகிற தினுசில்
உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடுவேன்.
மனுஷர் பேச்சில் அந்தக் காது வேலை செய்வதில்லை.
முப்பத்தெட்டாயிரம் எண்ணிக் கொடுத்தேன்.
ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கால் நனைத்து ஒட்டி
அதன்மேல் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் நாள்
கத்திப்பாரா மேம்பால வளைவில்
நின்றது.
பின்னால் வந்த தண்ணீர் லாரி
ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரித்துவிட்டுப் போனது.

புதுப்பேட்டை இர்ஷாத்
ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினான்.
வண்டல்.
ஹெட்லைட்டுக்குள்ளிருந்து
சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு நத்தைக்கூடு.
"இது ரோட்டுல ஓடின வண்டி இல்லண்ணே,
ஏரியில ஊறின வண்டி.
மீட்டரை வேற ரிவர்ஸ்ல நடக்க விட்டிருக்காங்க."
கூலி வாங்கவில்லை.
நத்தையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான்.

போனில்,
முதல் நாள்: பார்த்துதானே வாங்கினீங்க?
மறுநாள்: ஓட்டத் தெரியணும் சார்.
அதற்கப்புறம் அவருக்குப் பதில்
காலர் டியூனில் முருகன் பாட்டுதான் பேசியது.

கன்ஸ்யூமர் கோர்ட்டில் போடுங்க என்றார்
லிஃப்டில் வந்த வக்கீல் ஒருவர், மூன்றாம் மாடியில்.
ஆறாம் மாடி வருவதற்குள்
தனியாள் வித்ததா, அங்க நிக்காதே
என்று திருத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை
குட்டி யானையில் வண்டியை ஏற்றிக் கயிறு கட்டி
அவர் வாசலிலேயே இறக்கினேன்.
நல்லவேளை, ஆர்சி இன்னும் அவர் பெயரில்.

கதவைத் திறந்தது அவர் மனைவி,
கையில் பாதி உரித்த பூண்டு.
"லேடி ஓட்டின வண்டின்னு சொன்னாரே, நீங்கதானா அது?"
"நானா?
எனக்கு சைக்கிளே வராதுங்க.
கத்துக்குடுங்கன்னு ஆறு வருஷமா கேக்குறேன்.
பின்னாடி உக்காந்ததுதான், அதுவும் ஒருக்களிச்சு."
பிறகு நான் கேட்காமலே:
"அந்த மழையில மூணு நாள் முங்கிக் கெடந்துச்சு.
ஹேண்டில் மட்டும் வெளியே,
யாரோ கை தூக்கின மாதிரி."

பொட்டலத்தைப் பிரித்து
வாசற்படியில் வைத்தேன்.

டில்லிபாபு வந்தார்.
என்னைப் பார்க்கவில்லை, நத்தையைப் பார்க்கவில்லை.
"நான் எப்பங்க ஓட்டினேன்?"
அந்தம்மா கேட்டது அவ்வளவுதான்.
சத்தம்கூட இல்லை,
பூண்டை உரித்துக்கொண்டே.

இருபதாயிரம் அங்கேயே ஜிபேயில் வந்தது.
மிச்சம் பீரோவிலிருந்து,
பட்டுப்புடவை மடிப்பின் நாப்தலீன் வாசனையோடு.
ஆயிரத்தைந்நூறு குறைந்தது,
ஒன்பது நாள் தேய்மானமாம். விட்டுவிட்டேன்.
அந்த வாசனைப் பணம் யாருடையது என்று
கேட்டிருக்க வேண்டும்.
கேட்காமல் எண்ணினேன்.
இரண்டு தடவை எண்ணினேன்.

ஸ்டாம்ப் ஒட்டிய தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டுச்
சாவியை அவரிடம் நீட்டியபோது
நடுவில் வேறொரு கை வந்து வாங்கிக்கொண்டது.
"சோக்கு எதுங்க?"
காட்டினேன்.
"புனிதா, உள்ள போ" என்றார் டில்லிபாபு.

தெருமுனையில் ஷேர் ஆட்டோவுக்குள்
நாலாவது ஆளாக நெருக்கி உட்கார்ந்து
காதை மட்டும் பின்னால் விட்டிருந்தேன்.
ஒருமுறை இருமியது.
இன்னொருமுறை, கொஞ்சம் நீளமாக.
மூன்றாவதற்குள்
தாம்பரம் தாம்பரம் என்று கத்திக்கொண்டே
எங்கள் ஆட்டோ கிளம்பிவிட்டது.