பழையாறு ஏழு

மூன்றாம் முறையும் வெட்டவில்லை.
புற ஊதா வெளிச்சத்தில், ஜெல்லின் தலைமாட்டில்
ஒரே கோடு, தடியாய், அசையாமல்.

நொதியைத்தான் முதலில் திட்டினேன்.
திருவனந்தபுரத்திலிருந்து ஐஸ் பெட்டியில்,
களியக்காவிளை நெரிசலில் ஒன்றரை மணிநேரம் நின்ற பேருந்தில்
என் மடியில் இருந்து வந்தது அது.
ஆனால் பக்கத்துக் குழியில் வேறொரு டி.என்.ஏ
துண்டு துண்டாய்ப் படி இறங்கியிருக்கிறது.
கத்தி கூர்தான்.

ஒழுகினசேரிப் பாலத்துக்குக் கீழே
சாக்கடை ஆற்றில் விழும் இடத்தில்
தொபியாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு மொண்டு தந்த நீர்.
அதில் கிடைத்த வைரஸ். பாக்டீரியாவைத் தின்பது.
குப்பியில் எழுதி வைத்தேன்: பழையாறு ஏழு.

உள்ளே நுழைந்த ஐந்தாம் நிமிடமே
சைட்டோசின் இருப்பில் கைவைத்திருக்கிறது.
கோர்க்கத் தயாராய் நின்றவற்றின்
பாஸ்பேட் வாலை நறுக்கி,
ஒரு கரியும் ஓர் ஆக்சிஜனும் ஒட்டி,
மறுபடி வால் வைத்து,
தன் பிள்ளைகளின் இழையில் கோர்த்திருக்கிறது.
கோர்த்த பிறகு ஒவ்வொன்றின் தலையிலும்
ஒரு சர்க்கரை.
சர்க்கரையும் வீட்டுக்காரனுடையது.

வாசிப்பு மாறவில்லை.
எதிரே நிற்கும் குவானின்
அதே மூன்று விரலால் பிடித்துக்கொள்கிறது.
கத்திக்குத்தான் ஆள் தெரியவில்லை.

சென்னை விடுதியில் முதல் நாள்
குடிக்க வெள்ளம் கேட்டேன்.
"எந்த ஆத்துல?" என்றாள் ஒருத்தி.
அறை முழுக்கச் சிரிப்பு.
ஒரே வாரத்தில் தண்ணீர் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

பழையாறு ஏழு அப்படிப் பழகுகிற ரகமல்ல.
சர்க்கரை வைத்து முடிக்கும் முன்பே
தன் கத்திகளை ஏவிவிடுகிறது:
வெறும் சைட்டோசின் கண்டால் வெட்டு.
பிறந்த வீட்டில், பிறந்த உருவில் நின்ற எழுத்து
அன்றைக்கு அன்னியம்.
நறுக்கிய துண்டுகளும் வீண்போகாது,
புது இழைக்கு நூல்.

இருபத்தைந்தாம் நிமிடம் சுவர் உடைகிறது.
நூறு, நூற்றைம்பது.
எல்லாம் தலையில் சர்க்கரையோடு.

தொபியாஸ் எட்டிப் பார்க்கிறார்.
"இன்னைக்கும் போச்சா டீச்சர்?"

குறிப்பேட்டில் 'தோல்வி' என்றிருந்ததை அடித்து
'வெட்டுப்படவில்லை' என்று எழுதுகிறேன்.
கையுறைக்குள் விரல் ஊறிப்போயிருக்கிறது.
காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை.

"வெள்ளம் இருக்கா, தொபியாஸ்?"