ஒரு சொட்டும் தரையில் இல்லை

செக்கானூரணி தாண்டினால் அது ஆரம்பிக்கும்.
ஐம்பதில் முனகல்.
அறுபதில், மாவில்லாமல் ஓடவிட்ட கிரைண்டர்.
போன மாசியில் ஒருநாள், கருமாத்தூர் வளைவில்
ஓவர்டிரைவ் தன்பாட்டுக்கு நழுவிக்கொண்டது.
எஞ்சின் மட்டும் கத்த, வண்டி பின்தங்கியது.
வைக்கோல் லாரிக்காரர் ஹாரனாலேயே
என் ஏழு தலைமுறையை விசாரித்துவிட்டுக் கடந்தார்.

எனக்கு ஐந்து வயது மூத்த லேண்ட் ரோவர்.
பின்னால் மின்தடை மீட்டர், நாலு இரும்பு முளை,
அரைக் கிலோமீட்டர் வயர்.
பூமிக்குள் தண்ணீர் எந்த ஆழத்தில் என்று
காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.
அந்தக் காசில்தான் இதற்கு டீசல்.

ஞாயிறு. பழங்காநத்தம் ஷெட்.
வடிகால் போல்ட்டைத் திருகினால்
ஒரு செம்பு வரவேண்டிய எண்ணெய்
இரண்டு கரண்டி வந்தது.
கறுப்பு. வெயிலில் சாய்த்தால் ஜிகினா.
நடு சீட்டையும் தரைத் தகட்டையும் கழற்றி
பலாப்பழம் தூக்குவதுபோல்
இடுப்பில் அணைத்து இறக்கினேன்.

தண்டின் மேல் அம்மைத் தழும்பு.
ஊசி உருளைகளை எண்ணித் தட்டில் போட்டேன்:
நாற்பத்தேழரை.
மீதி அரையைக் காந்தம்விட்டுத் தேடி
சேற்றிலிருந்து எடுத்தபோது
யாருடைய பல்லோ கையில் வந்ததுபோல் இருந்தது.

சரி, எண்ணெய் எங்கே?
மூன்று வருடமாக வண்டிக்கு அடியில்
அட்டை விரித்து வைத்திருக்கிறேன்.
ஒரு கறை கிடையாது.

"பக்கத்து வீட்டைத் திறந்து பாருங்க மேடம்."
ஜெய்லானி கடைசலிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் அளவு போல்ட்டைத் தளர்த்தினேன்.
முழங்கை வரை வழிந்தது.
இத்தனை நாள், விரல் விட்டுப் பார்க்கும்போதெல்லாம்
நிறைய இருக்கிறதே என்று மூடியிருக்கிறேன்.
இரண்டுக்கும் நடுவே
குழந்தை வளையல் அளவில் ஒரு ரப்பர் சீல்.
உதடு தேய்ந்திருந்தது, அவ்வளவுதான்.
அந்தப் பக்கம் விருந்து நடக்க
இந்தப் பக்கம் எலும்பு அரைபட்டிருக்கிறது.

தண்டின் ஆட்டம் ஆறு தவ்வுக்குள் வரவேண்டும்.
பதினொன்று காட்டியது.
பித்தளைத் தகட்டில் ஷிம் வெட்டிப் போட்டோம், எட்டு.
மறுபடி பிரித்தோம். இன்னொன்று. ஐந்தரை.
கிரீஸில் ஒட்டிய புது ஊசிகள்
தண்டைச் சுற்றி நின்றன.
தும்மல் வருகிறதென்று
ஜெய்லானி வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தார்.

செவ்வாய், செல்லம்பட்டிப் பக்கம் ஒரு சர்வே.
எழுபதில் அந்தக் குட்டி லிவரைத் தள்ளினேன்
(மேஜை டிராயர் குமிழ்தான் அதற்குத் தலை).
எஞ்சின் ஒரு படி இறங்கிப் பேசியது,
சக்கரம் அதே வேகம்.
முனகல் போனதும், அது மூடி வைத்திருந்ததெல்லாம்
ஒவ்வொன்றாகக் கேட்டது:
பின்கதவு, ஸ்பேனர் பெட்டி,
நான் எச்சில் விழுங்குவது.

ரோட்டோரம் ஒச்சம்மாள் கிணறு.
நாற்பது அடி, கல் கட்டு.
அடியில் ஒற்றைச் செருப்பு,
வெயில் நேராக விழுந்து தெளிவாகத் தெரிகிறது.
வரப்புக்கு அந்தப் பக்கம்
தவமணியின் தென்னைகள் பளபளவென்று.
தொள்ளாயிரத்து இருபது அடி போர்.
வடகிழக்கு மூலை, வேம்பிலிருந்து பதினாலு அடி.
எப்படித் தெரியும் என்றால்
புள்ளி வைத்தது நான்.
சுண்ணாம்பில் வட்டம் போட்டு
நடுவில் தேங்காய் உடைத்தார்கள்,
ஒரு மூடி எனக்கும் தந்தார்கள்.

வண்டியை ஓரங்கட்டினேன்.
தரைத் தகட்டைத் தூக்கி
ஓவர்டிரைவின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
வெதுவெதுப்பு. இருக்கவேண்டிய சூடு.

இன்று பார்க்கவேண்டிய நிலம்
அவள் கிணற்றுக்கு இந்தப் பக்கத்து வரப்பு.
தூரத்தில் ஒருவர் குடை பிடித்துக் காத்திருந்தார்.
போன் அடித்தது.
எங்கே நிற்கிறீர்கள் என்றார்.

எண்ணெய் அளவு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.