ஈர நோட்டு

ஆலங்குளத்திலிருந்து குற்றாலம்
முப்பது கிலோமீட்டர் சொச்சம்.
அப்பா அதை ஒரு நாளைக்கு ஆறு தடவை கடந்தார்,
தோளில் தோல்பை, விரலிடுக்கில் டிக்கெட் கட்டு,
வாயில் விசில்.
ஒரு தடவைகூட நனைந்ததில்லை.

வண்டி திரும்ப எட்டு நிமிஷம்.
அதற்குள் ஒரு டீ, ஒரு மூத்திரம்,
தென்காசி பாவூர்சத்திரம் ஆலங்குளம் நெல்லை ஏறு ஏறு.
அருவிக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை
வீட்டில் பேசவே பேசாது.
சீசனில் லீவு கிடையாது.
சீசன் முடிந்தால் படி கிடையாது.

அம்மாவுக்குக் கம்பெனி அட்டை.
நாலு நாள் இலை வாங்கப் போகாவிட்டால்
கடைக்காரர் அதை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்.
பள்ளிக்கூடம் அடைக்கிற அன்றே
எங்கள் கைக்குக் கத்தரியும் அளவுத் தகடும் வந்துவிடும்.
மே என்றால் தூள் காறலில் இருமுகிற மாதம்.

ஆனியில் மேற்கே இருந்து காற்று வரும்போது
நனைத்த சாக்கை விலக்கிவிடுவாள்.
"எலைக்குத் தண்ணி தெளிக்காதட்டி, சாரல் இருக்கு."
குற்றாலம் எங்களுக்கு அப்படித்தான் வந்தது,
இலை ஒடியாமல் மடங்குகிற பதமாக.

இன்னொரு விதமாகவும் வந்தது.
ராத்திரி பத்தரைக்கு அப்பா பையைக் கவிழ்த்தால்
பாதி நோட்டு ஈரம்.
குளித்துவிட்டு ஏறுகிறவர்கள்
நனைந்த டவுசரிலிருந்து எடுத்துக் கொடுத்தவை.
முதலாளி ஈர நோட்டு வாங்கமாட்டார்.
சோற்றுப் பானை மூடியில்,
அணைத்த அடுப்பின் விளிம்பில்,
நானும் தம்பி செல்வினும் ஒட்டிக் காயவைப்போம்.
முகர்ந்து பார்ப்போம்.
நல்லெண்ணெய். சீயக்காய்.
யாரோ தின்ற மிளகாய் பஜ்ஜி.
பீடிக்கட்டுக்குப் பழகிய கை
இருபத்தைந்து இருபத்தைந்தாக அடுக்கும்.

அங்க எப்படிப்பா இருக்கும் என்று கேட்டிருக்கிறேன்.
"தண்ணி மேலருந்து கீழ விழும். வேறென்ன."

*

இப்போது எனக்கு வருஷத்துக்கு இருபத்துநான்கு நாள் விடுப்பு.
மார்ச்சில் காலாவதியாகும்.
ஆகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
காய்ச்சலுக்குக்கூட ஒன்றை எடுக்கக் கை நடுங்கும்.
என் அட்டையை யாருக்கோ மாற்றிவிடுவார்கள்.

இந்த வருஷம் இன்பராஜ் என்னைக் கேட்கவில்லை.
மூணாறு. மூன்று இரவு. பணம் கட்டியாகிவிட்டது.
முதல் நாள் விடிவதற்குள்
படுக்கையை மடித்து, கழிப்பறையைத் தேய்த்து,
துண்டுகளை அடுக்கிவைத்துவிட்டேன்.
சுத்தம் செய்ய வந்த பெண் வாசலிலேயே நின்றாள்.
அந்தப் பயம் எனக்குத் தெரியும்.
ஒரு துண்டை எடுத்து நானே தரையில் போட்டேன்.

"சும்மா உட்கார்ந்து மலையைப் பாரேன்" என்றான்.
பார்த்தேன்.
எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்,
பார்த்து முடிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?
தேயிலை வரிசைகளை எண்ணினேன்,
இருபத்தைந்துக்கு ஒரு விரல் மடக்கி.
சாயங்காலம் ஆம்லெட் விலையில் சண்டை தொடங்கியது.
"உன்கூட வந்தா செக்கிங்குக்கு வந்த மாதிரி இருக்கு."
சரியாகத்தான் சொன்னான்.

மறுநாள் நீச்சல்குளத்திலிருந்து எப்சி ஓடிவந்தாள்,
கம்பளமெல்லாம் ஈரக் கால்.
டவுசர் பையில் மறந்த நூறு ரூபாய்
உள்ளங்கையில் ஒட்டிக் கிடந்தது.
"கிழிஞ்சிருமாம்மா?"
கெட்டில் சுட்டுக்கொண்டிருந்தது.
அதன் வயிற்றில் ஒட்டி
ஓரங்களை விரலால் நீவினேன்.
குளோரின்.
அதற்கடியில் அவள் தலையின் எண்ணெய்.
"எதுக்கு மோந்து பாக்குற?"

அப்பா போய் நான்கு வருஷம்.
ஒரு நாளைக்கு மூன்று தடவை, எட்டெட்டு நிமிஷம்
அருவிச் சத்தத்துக்குள் நின்றிருக்கிறார்.
அப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று
நான் கேட்கவில்லை.

நோட்டு காயட்டும் என்று விட்டுவிட்டு
எப்சி பின்னால் போனேன்.
புடவையைச் செருகிக்கொண்டு
குளத்தின் இரண்டாவது படியில் நின்றேன்,
முழங்கால் வரை.
எட்டு நிமிஷம் என்று வைத்துக்கொண்டேன்.