ஐஸ் பெட்டி

சவரிநாதனை வாடகைப் பெட்டிக்குள்
படுக்க வைத்திருந்தோம்.
கத்தாரிலிருந்து மகன் வர இன்னும் ஒரு ராத்திரி.
மே மாதம். ஞானஒளிவுபுரத்துச் சந்தில்
சாமியானாத் துணிக்கும் வேர்த்தது.

பேச்சை யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை.
பெரியவர் மிக்கேல்,
போன வருஷம் வில்லாபுரத்து ஜெபவீட்டில்
முழுக்கு எடுத்து எசேக்கியா ஆனவர்,
தம்பி முகத்துக்கு மேலே கண்ணாடியை விரலால் தட்டினார்:
"குடிகாரனுக்குப் பங்கு கந்தகக் கடல்தான்.
அழச் சொல்லுங்க, அழுறேன்.
பொய் சொல்லச் சொல்லாதீங்க."

ஜெபமாலையைப் பாதியில் நிறுத்தினாள் நாத்தனார் திரேசம்மாள்.
"உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒண்ணு இருக்குல்ல.
முப்பது பூசைக்குச் சாமியார்ட்ட பணம் கட்டியாச்சு."
இடுப்பிலிருந்து ரசீதை எடுத்தும் காட்டினாள்.

சனிக்கிழமை சபைக்குப் போகும் லூர்து மாமா
காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.
செத்தவனுக்கு ஒன்றும் தெரியாது, தூக்கம்தான்.
எழுப்பும் நாளில் கெட்டவன் வைக்கோலாய் எரிந்து
சாம்பலாவான், அதோடு சரி.
"பெத்தவன் எவனாச்சும்
பிள்ளையக் காலத்துக்கும் வறுப்பானாய்யா?"
"வறுப்பார்னு எழுதியிருக்கு."
"எந்த பாஷையில?"

அதற்கென்றே காத்திருந்தவன்போல
அரசரடியில் இறையியல் படிக்கும் நத்தானியேல் எழுந்தான்.
ஊருக்கு வெளியே குப்பை எரிகிற பள்ளமாம் அது.
"நம்ம வெள்ளக்கல் மாதிரியா?" என்றது ஒரு குரல்.
சிரித்தார்கள். பிறகு பெட்டியைப் பார்த்தார்கள்.
கடைசியில் எல்லாரையும், சாத்தானையும்கூட
அவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார் என்றான் பையன்.
"அப்ப நான் எதுக்குடா பீடிய விட்டேன்?"
என்றார் எசேக்கியா.

என்னை யாரும் கேட்கவில்லை.
அரப்பாளையம் பேக்கரியில் பதினாறு வருஷமாய்
அடுப்பு வாயில் நிற்பவள்.
மறந்துபோன பன் முதலில் கறுக்கும், அப்புறம் கரி,
விடிந்து தட்டைத் தட்டினால் தூள்.
தின்ன ஒன்றுமில்லாத இடத்தில் நெருப்பு தங்காது.
அந்த மட்டில் நான் லூர்து மாமா கட்சி.

ஆனால்
சேலைத் தலைப்புக்குக் கீழே, இடது முழங்கைக்கு மேலே
இஸ்திரிப் பெட்டியின் முனை, படகு வடிவத்தில்.
மகனுடைய புதுநன்மைக்கு முந்தின ராத்திரி
சட்டை மடிப்பு சரியில்லை என்று வைத்தான்.
இன்றைக்கும் வேர்வை பட்டால் எரிகிறது.
அவியாத நெருப்பு உண்டா என்று
என்னிடம் கேட்டிருக்கலாம்.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
பெட்டி அதுவரை இரைந்துகொண்டிருந்தது
நின்ற பிறகுதான் தெரிந்தது.
எசேக்கியா செல்போன் வெளிச்சத்தில் வசனம் தேடினார்.
நான் செருப்பை மாட்டிக்கொண்டு
கரிமேட்டுக்கு நடந்தேன்.

"என்ன மீனுக்கும்மா?" என்றார் ஐஸ்காரர்.
மீனுக்கில்லை என்றேன்.
அரைப் பாளம், சாக்கில் சுற்றித் தோளில் வைத்தேன்.
உருகிய தண்ணீர் தழும்பின் வழியே இறங்கியது.
சுகமாக இருந்தது. இதை எதற்கு மறைக்க?

உடைத்து, கழுத்துக்கு இருபுறமும்
கக்கத்திலும் காலடியிலும் அடுக்கினேன்.
"உனக்குத் தங்க மனசு" என்றாள் திரேசம்மாள்.
மனசெல்லாம் இல்லை.
மகன் வந்து பார்க்கும்போது நாறக் கூடாது.

அவன் வேக வேண்டாம் எனக்கு.
சாம்பலாகித் தப்பிக்கவும் வேண்டாம்.
கழுவித் துடைத்த முகத்தோடு
எதிரே வந்து சிரிக்கவும் வேண்டாம், இப்போதைக்கு.
வெளிச்சமான ஓர் அறையில் உட்கார வைத்து
அந்தச் சின்னச் சட்டையைக் கையில் கொடுத்து
மடிப்பில் என்ன குறை என்று
யாராவது அவனைக் கேட்க வேண்டும்.
கோபப்படாமல்,
பதில் வரும்வரை.
அந்த இடத்துக்கு எந்தச் சபையில் என்ன பெயரோ.

கரண்ட் வந்தபோது மணி இரண்டு.
எசேக்கியா தம்பியின் பெட்டிமேல் தலை சாய்த்துத்
தூங்கிக்கொண்டிருந்தார்.
அவர் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியிருந்தது.
துடைக்கப் போன கையை
அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்,
ஈரச் சாக்கோடு.